நாலு கோடு நோட்டு

அத்தியாயம் ஒன்பது

மலைப்பள்ளியிலிருந்து கடிதம் வந்த சந்தோஷத்தில் போன வாரம் அர்த்தநாரி பட்டறை முழுவதற்கும் மிட்டாய் கொடுத்தார். வசந்தாமணி மட்டும் தன் பங்கை வாயில் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டாளே, ஏன் என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். இந்த வாரம் அதைச் சொல்லாமல் தீராது.

அவர்களுடைய ஒரே மகள் கோகிலாவுக்கு நாலரை வயது. நாமக்கல்லில் ஒரு கான்வென்டில் எல்.கே.ஜி. படிக்கிறாள். அவளுடைய வீட்டுப்பாட நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு நட்சத்திரம். அந்த நோட்டைத் தபாலில் அனுப்பித்தான் அர்த்தநாரி ஏற்காட்டு மலைமேல் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் இடம் கேட்டிருந்தார். பதில் வந்துவிட்டது. சனிக்கிழமை காலை சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டில் பிள்ளையை எழுதச் சொல்லிப் பார்ப்பார்களாம். பொங்கல் கழித்தே வகுப்புகள் தொடங்கிவிட்டதால், பெட்டி படுக்கையோடு வந்தால் அன்றைக்கே மலைக்கு அழைத்துப் போய்விடுவார்களாம்.

நல்ல சேதிதான். ஆனால் நட்சத்திரம் வாங்கிய அந்த நோட்டில் கோகிலா எழுதிய எழுத்து ஒன்றுகூட இல்லை. ஏ முதல் இசட் வரை அத்தனையும் வசந்தாமணி எழுதியவை.

இன்று வெள்ளிக்கிழமை.

காலையில் பட்டறையிலிருந்து ஒரு தகரப் பெட்டியைத் தானே தோளில் சுமந்துகொண்டு வந்தார் அர்த்தநாரி. லாரிக்குப் பாடி கட்டுகிற மனுஷன். மகளுக்குப் பெட்டி கடையில் வாங்குவாரா? பச்சைப் பெயிண்ட் இன்னும் வாசனை போகவில்லை. மூடிமேல் வெள்ளை எழுத்தில் 'ஏ. கோகிலா' என்று பெயின்டர் அழகாக எழுதியிருந்தார்.

"எப்படி இருக்குது பாரு. நாலு மூலையும் ஒரு நூல் பிசகாது" என்றார்.

நூல் என்பது தச்சர் கணக்கு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மற்றவர்கள் டேப்பு வைத்து அளப்பதை அர்த்தநாரி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அளந்துவிடுவார். பட்டறைக்கு அது பெருமை. வீட்டுக்கு அதுதான் வினை.

கோகிலா பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "அப்பா, இது பஸ்ஸு. ரைட், ரைட்!"

"அம்மிணி, கீழ எறங்கு சாமி" என்று வசந்தாமணி பிள்ளையை வாரி வெளியே எடுத்தாள். விளையாட்டுக்குக்கூட அவளை அந்தப் பெட்டிக்குள் பார்க்க முடியவில்லை.

"நாளைக்கு ஆறு மணிக்கெல்லாம் கெளம்பிருவோம். நீ வர வேண்டாம்" என்றார் அர்த்தநாரி. "நீ வந்தீன்னா அழுதுக்கிட்டே வருவ. புள்ளயும் அழுகும்."

வசந்தாமணி தலையை ஆட்டினாள். ஏழு வருஷமாக ஆட்டிப் பழகிய தலை.

இத்தனையும் தொடங்கியது போன ஜூன் மாதம். நாலு கோடு போட்ட நோட்டில் கோகிலா முதன்முதலாக எழுதிய ஏ, ஒரு காலை மேல் கோட்டிலும் மறு காலைப் பக்கத்து வீட்டிலும் வைத்திருந்தது. அர்த்தநாரிக்கு இங்கிலீஷ் தெரியாது, கோடு தெரியும். "ரெண்டு நூல் வெளிய போயிருச்சு பாரு" என்று காட்டினார். மறுநாளும் போயிற்று. மூன்றாம் நாள் மரஸ்கேலால் பிள்ளையின் விரல் முட்டியில் ஒன்று வைத்தார். வலிக்கும்படி அடிக்கவில்லை என்று அவர் இன்றைக்கும் சொல்வார். கோகிலா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அப்போதுதான், "ஊட்டுல செல்லங் குடுத்தா இப்படித்தான். ஹாஸ்டல்ல போட்டாத்தான் உருப்படும்" என்ற பேச்சு முதல்தடவை எழுந்தது. அன்று ராத்திரியே வசந்தாமணி பிள்ளையை நோட்டோடு தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

சரஸ்வதி பூசைக்கு மறுநாள் தட்டில் அரிசியைப் பரப்பி, பிள்ளையின் கையைப் பெரியவர்கள் பிடித்து எழுத வைப்பதில்லையா? அதுபோலத்தான் ஆரம்பித்தாள். கோகிலாவின் கைக்குமேல் தன் கையை வைத்துப் பிடித்து எழுதினாள். எழுத்து கோட்டுக்குள் நின்றது, நட்சத்திரம் விழுந்தது, ஸ்கேல் சுவரோடு சாய்ந்தது. நாளாக ஆக அந்தச் சின்னக் கை தன் பாட்டுக்குத் தளர்ந்து கிடந்தது. பிறகு ஒருநாள் அந்தக் கை எதற்கு என்று ஆகிவிட்டது. எட்டாவது வரை படித்த வசந்தாமணி, பென்சிலைக் கொஞ்சம் அழுத்தி, கொஞ்சம் நடுங்கவிட்டு, நாலரை வயசு எழுத்தைத் தானே எழுதக் கற்றுக்கொண்டாள். நட்சத்திரம் போட்ட பழைய மிஸ்ஸுக்குக் கல்யாண நினைப்பு. நோட்டைச் சரியாகப் பார்த்ததே இல்லை.

இன்னொரு காரியமும் செய்தாள். படிக்கிற பிள்ளை, கை அழுக்காகக் கூடாது என்று கோகிலாவை எந்த வேலையிலும் தொட விடவில்லை. அவரைக்காய் உரிக்க வந்தால், "போய்ப் படி சாமி." மாவு உருட்ட வந்தால், "போய்ப் படி." நம் ஊர்ப் பக்கத்தில் படிக்கிற பிள்ளைக்குச் செய்கிற மரியாதை இது. அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு கோகிலா மூலையில் நோட்டை விரித்து, அம்மா எழுத வருவதற்காகக் காத்திருப்பாள்.

ஹாஸ்டலுக்கு அனுப்பாமல் இருக்கத்தான் எழுதினாள். எழுதிய எழுத்தே பிள்ளையை ஹாஸ்டலுக்குக் கொண்டுபோகிறது. ஆப்பை அசைத்த குரங்கு என்பார்களே, அந்தக் கதைதான்.

அர்த்தநாரி பட்டறைக்குப் போன பிறகு பள்ளிக்கூடப் பைக்குள் ஒரு சீட்டைக் கண்டாள் வசந்தாமணி. தமிழில் எழுதியிருந்தது. 'அம்மா மட்டும் பதினோரு மணிக்கு வந்து பார்க்கவும். அங்காளம்மாள்.'

பொங்கல் கழித்து வந்த புது மிஸ்ஸின் பெயர் அது. கான்வென்டுக்கு அங்காளம்மாள் சரிப்படுமா? பலகையில் 'மிஸ் ஏ. அம்மாள்' என்று எழுதிவிட்டார்கள். பிள்ளைகள் 'அம்மாள் மிஸ்' என்பார்கள். ராசிபுரத்துப் பெண், இருபத்திமூன்று வயதிருக்கும்.

பதினோரு மணிக்கு வசந்தாமணி போய் நின்றபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அம்மாள் மிஸ் அவளைப் பார்த்துவிட்டு, சன்னலோரமாகவே நிற்கும்படி கையைக் காட்டினாள்.

பிள்ளைகளுக்குச் சிலேட்டும் குச்சியும் கொடுத்தார்கள். "எல்லாரும் உங்களுக்குப் பிடிச்சது ஒண்ணு போடுங்க" என்றாள் மிஸ். ஒருவன் கோழி போட்டான். அதற்கு ஆறு கால். இன்னொருத்தி சிலேட்டைத் தாண்டித் தரையிலும் கிறுக்கினாள். கூச்சல் கூரையைப் பிய்த்தது.

கோகிலா சிலேட்டை மடியில் நேராக வைத்துக்கொண்டாள். குச்சியை விரல்களுக்கு இடையில் பிடித்தாள். பிறகு அந்தக் கையை முன்னால் நீட்டினாள்.

நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள்.

ஏன் நீட்டுகிறாள் என்று வசந்தாமணிக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். யாராவது வந்து கையைப் பிடிக்க வேண்டும் என்று பிள்ளை காத்திருக்கிறது. எழுத்து என்பது இன்னொரு கையால் வருவது என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. பாவி, பாவி, என்ன காரியம் செய்தேன் என்று வசந்தாமணியின் நெஞ்சு அடித்துக்கொண்டது.

மணி அடித்ததும் மிஸ் வெளியே வந்தாள்.

"பாத்தீங்களாக்கா? ரெண்டு வாரமா இப்படித்தான். மொத நாள் கை வலிக்குதோன்னு நெனச்சேன்."

முழுப் பூசணிக்காயை இனி எந்தச் சோற்றில் மறைப்பது?

"வீட்டு நோட்ட எழுதறது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"அவ மக்குன்னு நெனச்சுக்காதீங்க. நேத்து முட்டைக் கதை ஒண்ணு சொன்னா பாருங்க! 'எங்க மாமா பண்ணைல ஒரு அட்டைக்கு முப்பது முட்டை மிஸ், மூணு ஒடஞ்சிருச்சு, மிச்சம் இருபத்தேழு'ன்னா. எங்கிட்டப் படிக்கறதுல வேற ஒரு புள்ளைக்குக்கூட இந்தக் கணக்கு வராது. விரலுக்குத்தான் இன்னும் பலம் இல்ல. ஊட்டுல என்ன வேலை செய்வா?"

"ஒண்ணுமே செய்ய உடறதில்லைங்க. படிக்கற புள்ளைன்னு..."

"அதானுங்க." மிஸ் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "அவரைக்கா உரிக்க உடுங்க. மாவு உருட்ட உடுங்க. பூக் கட்ட உடுங்க, கோலமாவுல எதையாச்சும் இழுக்க உடுங்க. இந்த வயசுக்கு அதுதானுங்கக்கா படிப்பு. ராத்திரி ஒரு கதை சொல்லி, அவளையும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. நோட்டைக் கொஞ்ச நாளைக்குத் தொடவே வேண்டாம்."

"கொஞ்ச நாளு எங்கீங்க இருக்குது? நாளைக்குப் பரீட்சைங்க."

மலைப்பள்ளிக் கதையை முழுக்கச் சொன்னாள். கேட்கக் கேட்க மிஸ்ஸின் முகம் சுருங்கியது.

"அங்க போயும் இப்படிக் கையை நீட்டுனான்னா, மந்தமான புள்ளன்னு எழுதிருவாங்களேக்கா."

"அப்படின்னா சேத்துக்க மாட்டாங்களா?"

கேட்ட வேகத்தில் அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. பெற்ற பிள்ளையை மந்தம் என்று எழுதட்டும் என்று ஆசைப்படுகிற தாய் உண்டா? உண்டு. அந்த நிமிஷம் வசந்தாமணி ஆசைப்பட்டாள்.

"சேத்துக்குவாங்க" என்றாள் மிஸ் தாழ்ந்த குரலில். "பின்தங்கின புள்ளைகன்னு தனியா ஒரு வகுப்பு வெச்சிருப்பாங்க. எழுதுனா ஒரு வகுப்பு, எழுதலீன்னா இன்னொரு வகுப்பு. ஹாஸ்டல் ஒண்ணுதான்."

சன்னல் வழியே கோகிலா அம்மாவைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். வசந்தாமணியும் சிரிக்க வேண்டியிருந்தது.

"வீட்டுக்காரர்கிட்ட உள்ளதைச் சொல்லிப்போடுங்க. நான் வேணும்னா பொழுதோட வந்து சொல்லட்டுங்களா?"

"வேண்டாமுங்க. நானே சொல்லிக்கறேன். நான் செஞ்ச வேலை."

"நாளைக்கு அம்மாமாரையும் உள்ள கூப்பிட்டுப் பேசுவாங்கக்கா. போகாம இருந்துறாதீங்க."

மத்தியானம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், முறத்தில் அவரைக்காயைக் கொட்டிக் கோகிலாவின் முன்னால் வைத்தாள்.

"படிக்க வேண்டாமாம்மா?"

"இதான் சாமி படிப்பு. உங்க மிஸ் சொல்லீட்டாங்க."

கோகிலாவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு காயை எடுத்துக்கொண்டு, பழக்கத்தில் கையை அம்மாவிடம் நீட்டினாள். வசந்தாமணி தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பிடிக்கவேண்டும் என்று கை துடித்தது. பிடிக்கவில்லை.

வெகுநேரம் கழித்துத்தான் முதல் காய் பிளந்தது. பருப்பு துள்ளி அடுப்படிவரை ஓடியது. கோகிலா கைகொட்டிச் சிரித்தாள். அடுத்த காய் கொஞ்சம் சீக்கிரம் பிளந்தது.

பிறகு கோலமாவுக் கிண்ணத்தைக் கேட்டாள். அம்மா கொடுத்தாள். சிமெண்டுத் தரையில் கோகிலா விரலால் தொட்டுத் தொட்டு வட்டங்கள் வைத்துக்கொண்டே போனாள். சில பெரியவை, சில நசுங்கியவை.

"என்ன சாமி இது?"

"முட்டை அட்டைம்மா. அஞ்சஞ்சா ஆறு வரிசை."

வசந்தாமணி குனிந்து பார்த்தாள். நோட்டில் அவள் எழுதி எழுதி நட்சத்திரம் வாங்கிக் கொடுத்தாளே ஓ என்ற எழுத்து, அது தரையெல்லாம் கிடந்தது. இதைப் பிள்ளையே போட்டிருக்கிறது. யாரும் கையைப் பிடிக்கவில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த சந்தோஷ அழுகை அது. நாளைக்கு என்ன என்று நினைவு வந்ததும் அதே அழுகை வேறு மாதிரி ஆகிவிட்டது.

அர்த்தநாரி பொழுது சாயும்போதே வந்துவிட்டார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் வசந்தாமணி சொல்லத் தொடங்கிவிட்டாள். தள்ளிப் போட்டால் தைரியம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். அந்த நோட்ட எழுதுனது கோகிலா இல்லீங்க. நானு."

அர்த்தநாரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். செம்பில் தண்ணீர் மொண்டு காலில் ஊற்றினார்.

"தெரியும்."

அர்த்தநாரி மறு காலிலும் தண்ணீரை ஊற்றினார்.

"பட்டறைல பன்னெண்டு பேரு ரம்பம் புடிக்கறாங்க. எந்தப் பலகைய எவன் அறுத்தான்னு வெட்டுவாயப் பாத்தே சொல்லுவேன். எம் பொண்டாட்டி போட்ட கோடு எனக்குத் தெரியாதா?"

"எப்பத் தெரியுமுங்க?"

"ரெண்டாவது மாசமே. நட்சத்திரம் உழுவறப்பெல்லாம் நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். ஆறு மாசம் பாத்தேன் புள்ள. நீ வாயே தொறக்கல."

"தெரிஞ்சுமா அந்த நோட்ட மலைக்கு அனுப்பிச்சீங்க?"

"எடங் கெடைக்கோணுமில்ல? அங்க போனா தெரிஞ்சுரும், தெரியட்டும். நீ பக்கத்துல இருக்கறமுட்டும் அது எழுதாது. உங்கிட்ட இருந்து பிரிச்சாத்தான் எழுதும். அதுக்குத்தான் ஹாஸ்டலு."

இத்தனை நாள் கணவனை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று பயந்தாளே, அவர் அத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவள் எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் அவளுக்கு எதிராகச் சேர்த்து வைத்திருக்கிறார். வசந்தாமணிக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ.

"நீங்க ஸ்கேல எடுக்காம இருந்திருந்தா நான் ஏனுங்க எழுதறேன்?"

அர்த்தநாரி நிமிர்ந்தார். ஏழு வருஷத்தில் அவள் எதிர்த்துக் கேட்ட முதல் கேள்வி.

கோபம் வரும் என்றுதான் அவளும் நினைத்தாள். வரவில்லை. அவர் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"எங்கய்யன் என்னைய ஒருநாளுகூட அடிச்சதில்ல. 'பையன் வரமாட்டீங்கறான், உட்டுரு'ன்னாரு. மூணாவதோட நின்னு போனேன். பெரியவனானப்பறம் ஒருநாளு ஆர்.டி.ஓ. ஆபீசுல ஃபாரத்தத் தலைகீழாப் புடிச்சுக்கிட்டு நின்னுருக்கேன். பக்கத்துல இருந்த பொடியன் வாங்கி நேராத் திருப்பிக் குடுத்தான். எம் பட்டறைல கட்டுன லாரி மெட்ராஸ், பம்பாய்னு போவுது. நான் போனா போர்டு படிக்கத் தெரியாது. எம் புள்ள அப்படி நிக்கக் கூடாது."

அவர் அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வசந்தாமணிக்கு மனசு இளகத்தான் செய்தது. இளகினாலும், பிள்ளையைக் கொடுத்துவிட முடியுமா?

"நிக்க மாட்டாளுங்க. இங்க வந்து பாருங்க, அவளே போட்டது." தரையைக் காட்டினாள்.

அர்த்தநாரி எழுந்து வந்து பார்த்தார். ஒற்றைக் கண் தானாகச் சுருங்கியது. முப்பது வட்டங்களையும் ஒரு சுற்றுப் பார்த்து முடித்தார். கோணல் என்று சொல்வார் என்று வசந்தாமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரோ காலை அந்த மாவில் படாமல் தள்ளி வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு நானும் வாரேன்" என்றாள். "அம்மாமாரையுங் கேப்பாங்களாம். எழுதுனது ஆருன்னு சொல்லிப்போடறேன். ஏன் எழுதுனேன்னும் சொல்லிப்போடறேன்."

"சொல்லு. இப்படிப்பட்ட ஊட்டுல புள்ள இருக்கவே கூடாதுன்னு இன்னுஞ் சீக்கிரம் கூட்டிக்கிட்டுப் போயிருவாங்க."

அவர் அதை வன்மமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அதுதான் வசந்தாமணியை அப்படியே நிற்க வைத்துவிட்டது. சொன்னாலும் அதே கதவு, சொல்லாவிட்டாலும் அதே கதவு.

முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோகிலா, இத்தனை நேரமும் அவரைக்காய் உரித்துக்கொண்டேதான் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"ஏம்மா, நாளைக்கு நான் எழுதுனா ஹாஸ்டலுக்குப் போகோணுமா? எழுதலீன்னா போகோணுமா?"

காயைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சொல்லும்மா. எதுன்னு சொன்னீன்னா நான் மத்தத செய்யறேன்."

வசந்தாமணி பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அர்த்தநாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசலில் ஆள் அரவம் கேட்டது. வாடகைக் கார் ஓட்டுகிற சின்னண்ணன்.

"ஏனுங்க முதலாளி, ஆறு மணிக்கே வந்தர்றேனுங்க. எத்தன பேருங்க போறது?"

"மூணு பேரு" என்றாள் வசந்தாமணி, கணவர் திரும்புவதற்குள்.

"சரிங்க்கா. திரும்பறப்பவும் மூணு பேருதானுங்களா?"

வசந்தாமணி அர்த்தநாரியைப் பார்த்தாள். அவர் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். சின்னண்ணன் பதிலுக்காகக் காத்திருந்தான்.